கூட உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்

அருணாச்சலம் முருகானந்தத்தின் கதையை நாம் பெரும்பாலும் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லிக்கொள்கிறோம். கோவையில் பட்டறை வேலை பார்த்தவர். 1998-ல் கல்யாணமான புதிதில், மனைவிக்காகக் குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்துபார்க்கத் தொடங்கினார். ஊரும் உறவும் விலகின. பிறகு சென்னை ஐஐடியின் கவனம், 2016-ல் பத்மஸ்ரீ, 2018-ல் இந்திப் படம். இந்தக் கதையில் எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு உதவ நினைக்கிறவர்கள் நின்று பார்க்கவேண்டியது அங்கேதான்.

பஞ்சை வைத்து அவர் செய்த நாப்கின் எதுவும் சரிவரவில்லை. கடையில் விற்பதை ஆய்வகத்துக்கு அனுப்பினார். பஞ்சு என்றே பதில் வந்தது. உள்ளே இருப்பது மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரியவந்தபோது 2 ஆண்டும் 3 மாதமும் ஓடிப்போயிருந்தன. அதுவும் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், ஆங்கிலம் அதிகம் தெரியாத அவருக்காகப் பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததால் கிடைத்த வழி. தொலைபேசிக்கு மட்டும் ஏறக்குறைய 7,000 ரூபாய் செலவானது. உங்களிடம் என்ன மாதிரி பிளான்ட் இருக்கிறது என்று மறுமுனையில் கேட்டார்களாம். அந்தக் கேள்வியே தனக்குப் புரியவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். மில் முதலாளி என்று சொல்லி மாதிரி கேட்டார். சில வாரங்களில் அட்டை அட்டையாகச் செல்லுலோஸ் வந்து இறங்கியது. அதைப் பொடித்து, அழுத்தி, துணி சுற்றி, புற ஊதாக்கதிரில் கிருமி நீக்கும் சிறு இயந்திரத்தை உருவாக்க இன்னும் நாலரை ஆண்டு பிடித்தது.

அந்த நாலரை ஆண்டு உழைப்பை அவருக்காக வேறு யாரும் செய்திருக்க முடியாது. முதல் 2 ஆண்டு 3 மாதம் வேறு கணக்கு. காகித ஆலையிலோ நாப்கின் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலோ இருந்த ஒருவர் ஒரு மாலை அவரோடு பேசியிருந்தால் அந்தக் காலம் மிஞ்சியிருக்கும். அப்படி ஒருவர் அவருக்கு எட்டும் தூரத்தில் இல்லை. தொழில்முனைவோருக்கு வழிகாட்டல் என்று இன்று நடப்பதில் பெரும்பகுதி ஊக்கமூட்டும் பேச்சாகவே இருக்கிறது. முருகானந்தத்துக்கு ஊக்கம் குறைவாகவா இருந்தது? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மூலப்பொருளின் பெயரும் அது கிடைக்குமிடத்தின் விலாசமும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்யத் தலைநகர் நைரோபியின் ஓரத்தில் தண்டோரா என்ற ஏழைக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே சிறு கடையும் சிறு தொழிலும் நடத்தும் இளம்பெண்களை வைத்து வயட் புரூக்ஸ், கெவின் டோனவன், டெரன்ஸ் ஜான்சன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வகுப்பறையில் வணிகப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு, அதே பகுதியில் பல ஆண்டாகத் தொழில் நடத்தி வென்ற ஒரு பெண்ணோடு சோடி. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. வகுப்பில் படித்தவர்கள் கணக்கெழுதும் முறைகளைக் கற்றுக்கொண்டார்கள், லாபம் உயரவில்லை. மூத்த பெண்ணோடு சோடி சேர்ந்தவர்களின் லாபம், எந்த உதவியும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூடியது. காரணத்தைத் தேடிப்போனால் அது மிகவும் எளிய விஷயம்: சரக்கை இன்னும் மலிவாக எங்கே, யாரிடம் வாங்கலாம் என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இருக்காது. அந்தத் தெருவில் தொழில் செய்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

அதே ஆய்வின் மறுபாதி அவ்வளவு இனிப்பாக இல்லை. சோடிகள் சந்திப்பதை நிறுத்த நிறுத்த, லாபத்தில் கிடைத்த முன்னேற்றமும் தேய்ந்துபோனது. சந்தையைப் பற்றிய தகவலுக்கு ஆயுள் குறைவு. சப்ளையர் மாறுவார், விலை மாறும், நேற்றுக் கிடைத்த சாதகம் இன்று பக்கத்துக் கடைக்காரருக்கும் கிடைத்துவிடும்.

அப்படியானால் நிலைத்து நிற்பது எது? நம் நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு வெளிச்சம் தருகின்றன. நிக்கலஸ் புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008-ல் மும்பையை ஒட்டிய பகுதியில் 17 நெசவு நிறுவனங்களின் 28 ஆலைகளைப் படிக்கத் தொடங்கினார்கள். சில ஆலைகளுக்கு ஆலோசகர்கள் மாதக்கணக்கில் நேரில் போய் உதவினார்கள். அவர்கள் செய்யச் சொன்னதில் வியப்பூட்டும் எதுவும் இல்லை. கிடங்கில் எந்த நூல் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவை. துணியில் விழும் பழுதைத் தினமும் குறித்து, அதைப் பற்றி உட்கார்ந்து பேசு. இயந்திரம் நிற்கும் முன்பே பராமரி. முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. எட்டொன்பது ஆண்டு கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனபோது, அன்று கடைப்பிடிக்கத் தொடங்கிய முறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறிப்போனதும், முதலாளிக்கு நேரம் இல்லாமல்போனதும் முக்கியக் காரணங்கள். மீதிப் பாதி அப்படியே இருந்தது. உதவி பெறாத ஆலைகளைவிட அவை அப்போதும் தெளிவாக மேம்பட்டிருந்தன.

இரண்டாவது ஆய்வு 2019-ல் வந்தது. வேகமாக வளரும் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களின் நிறுவனர்கள் 100 பேரை, தங்களைப் போன்ற இன்னொரு நிறுவனரிடம் நேரில் ஆலோசனை கேட்கவைத்து, ஆரோன் சாட்டர்ஜி குழுவினர் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். ஒழுங்காகக் கூட்டம் நடத்துவது, இலக்கு வைப்பது, வேலை செய்பவர்களிடம் அடிக்கடி நிறைகுறை பேசுவது என்று ஆட்களை முறையாக நிர்வகிக்கும் ஒருவரிடம் ஆலோசனை பெற்றவர்களின் நிறுவனங்கள், போகிற போக்கில் நிர்வகிப்பவரிடம் பெற்றவர்களுடையதைவிட 28 சதவீதம் பெரிதாக வளர்ந்திருந்தன. மூடப்படும் வாய்ப்பும் 10 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. நிர்வாகப் படிப்பு ஏற்கெனவே படித்தவர்களிடம் இந்த ஆலோசனையால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தேவை இல்லாதவருக்குக் கொடுத்தால் பயன் இல்லை என்பதையும் இதில் சேர்த்துப் படிக்கவேண்டும்.

வழிகாட்டி கொண்டுவரும் தகவல் தொழிலைத் தூக்கி நிறுத்தும். அவரிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் பழக்கம்தான் அதை நிற்கவைக்கும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. பொருள் செய்து விற்கும் தொழிலில் இது இன்னும் கூடுதல் உண்மை. மென்பொருளில் பிழை வந்தால் திருத்தி அனுப்பலாம். வார்த்து முடித்த அச்சையும் வாங்கிக் குவித்த மூலப்பொருளையும் அப்படித் திருத்த முடியாது.

கண்ணெதிரே இருக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2018 ஜூனில் அரசாணை எண் 84-ஐ வெளியிட்டு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மாற்றுப் பொருள் செய்யலாம் என்று பல இளைஞர்கள் கடன் வாங்கி இறங்கினார்கள். பேப்பர் கப் இயந்திரம் வாங்கியவர்கள் அவர்களில் உண்டு. உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அந்த 14-ல் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023-ல் காகிதக் குவளை மீதான தடையை நீதிமன்றம் உறுதிசெய்தது. இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே அரசாணையின் பட்டியலை முழுதாகப் படிக்கச்சொல்ல ஒருவர் அருகில் இருந்திருந்தால், சில குடும்பங்களின் நகைகள் வங்கியில் இருந்திருக்காது.

பாக்குமட்டைத் தட்டு அப்படிச் சட்டச் சிக்கல் இல்லாத பொருளாகத் தெரிந்தது. காய்ந்து விழும் மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, சூடான அச்சில் அழுத்தி, ஓரம் வெட்டினால் தட்டு. எடுத்துக்காட்டுக்கு ஒரு பையன் நடத்தும் சிறு யூனிட். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மாதம் 25,000 தட்டு. ஒரு தட்டின் விற்பனை விலை 4.50 ரூபாய். மட்டை 1.75, கூலி 80 காசு, மின்சாரம் 40 காசு, பேக்கிங்கும் வண்டிவாடகையும் 45 காசு. மொத்தம் 3.40. தட்டுக்கு 1.10 ரூபாய் நிற்கிறது, மாதம் 27,500 ரூபாய் என்று பையன் நோட்டில் எழுதியிருக்கிறான்.

தொழில் தெரிந்த ஒருவர் அந்த நோட்டுக்கு எதிரே உட்கார்ந்தால் கேட்கும் முதல் கேள்வி: “நூறு அடிச்சா எத்தனைப்பா கழிவுல போகுது?” பன்னிரண்டு என்கிறான். மட்டை, கூலி, மின்சாரம் மூன்றும் சேர்ந்த 2.95 ரூபாயை அந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்துத்தான் செலவழித்திருக்கிறான். நல்ல தட்டு ஒன்றின் தலையில் அது 3.35 ஆகிறது, பேக்கிங்கோடு 3.80. அடுத்த கேள்வி வங்கித் தவணை பற்றியது. மாதம் 12,000 என்றால் தட்டுக்கு 48 காசு. அடக்கவிலை 4.28. மிச்சம் 22 காசு, மாதத்துக்கு 5,500 ரூபாய். காலை ஆறு மணியிலிருந்து மட்டை கழுவும் அம்மாவின் கூலியும் அவனுடைய சம்பளமும் இதில் இன்னும் சேரவே இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் உடையும் பையனிடம் தைரியமாக இரு என்று சொல்லி எழுந்துபோகிறவர் வழிகாட்டி ஆகமாட்டார். கழிவை வகை பிரித்து எழுதச் சொல்வார்: பூஞ்சை பிடித்தது எத்தனை, கிழிந்தது எத்தனை, அச்சில் கருகியது எத்தனை. இரண்டு வாரம் எழுதினால் பாதிக்குமேல் பூஞ்சை என்று தெரியவரலாம். அப்போது கோளாறு இயந்திரத்தில் இல்லை, மட்டை அடுக்கிய கொட்டகையில் இருக்கிறது. நல்ல மட்டை வெயில்காலத்தில்தான் கிடைக்கும். மழைமாதங்களுக்கும் சேர்த்து அப்போதே வாங்கி ஈரம் படாமல் வைக்கவேண்டும். ஐந்து மாதச் சரக்கு என்றால் மேலே சொன்ன கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய் கொட்டகையில் தூங்கும். இயந்திரத்துக்குக் கடன் வாங்கியவன் இதற்கு வாங்கவில்லை. நடைமுறை மூலதனம் என்று வகுப்பில் சொன்னபோது அவன் குறித்துக்கொண்டதுதான். அது தன் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும் மட்டைதான் என்பதை யாராவது கையைப் பிடித்துக் காட்டவேண்டியிருந்தது.

பணம் வசூலாவதும் இப்படித்தான். சரக்கு எடுத்த கடைக்காரர் மூன்று மாதம் இழுத்தடிப்பார். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்துத் தீர்க்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் இப்போது இருக்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டால் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அந்தப் பில்லை முன்னால் எடுத்துவைக்க ஒரு காரணம் உண்டு. தெரிந்தவர் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

ஏற்றுமதிப் பக்கம் இன்னும் கூர்மையான பாடம் இருக்கிறது. 2025-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், பாக்குமட்டையில் உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்பதால் அந்தத் தட்டுகளை உணவு பரிமாறப் பாதுகாப்பானவை என்று கொள்ள முடியாது என்று அறிவித்தது. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய இடி. இயற்கையில் மக்கும் பொருள், ஆகவே எங்கும் ஏற்பார்கள் என்ற நம்பிக்கையில் தொழில் நடந்துகொண்டிருந்தது. மண்ணுக்குக் கெடுதல் இல்லை என்பது ஒரு சோதனை. சூடான சாம்பார் பட்டால் அதிலிருந்து என்ன இறங்கும் என்பது வேறு சோதனை. உணவுத்துறையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர் இந்த இரண்டாவது கேள்வியை முதல் நாளே கேட்பார். அவரைப் போன்றவர்கள் நம் வழிகாட்டிப் பட்டியல்களில் அபூர்வமாகவே இருக்கிறார்கள். மேடையில் பேசத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இதுவரை சொன்ன உதவி எதுவும் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய், சில மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாறு அந்த ஊரே அறிந்தது. திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் கைவேலை பார்த்த கவுண்டர் சமூகத்து இளைஞர்கள் முதலாளிகளானதைச் சரத் சாரி 2004-ல் வெளியான நூலில் விரிவாக எழுதினார். எந்த டையிங்காரரை நம்பலாம், எந்த பையர் பணம் தருவார் என்பதெல்லாம் மாமன், மச்சான், பங்காளி வழியாக வந்து சேர்ந்தது. முதலும் அப்படியே வந்தது. அதே ஊரைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் செய்த ஆய்வில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது: உள்ளூர்ச் சமூகத்தார் கூடுதல் முதலீட்டோடு தொடங்கினார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டோடு தொடங்கினாலும் அவர்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்தது. திறமை ஓரிடத்தில் இருக்க, பணமும் விலாசமும் வேறிடத்தில் தங்கிவிட்டன.

சித்தப்பா தொழிலதிபராக இருக்கும் பையனுக்கு அரசோ அறக்கட்டளையோ வழிகாட்டி தேடித் தரவேண்டியதில்லை. தலித் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிற பையனுக்கும், ஆண்கள் மட்டுமே கூடும் மண்டியில் நுழையவேண்டிய பெண்ணுக்கும்தான் அது தேவை. வழிகாட்டல் திட்டங்களின் நியாயமே இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரிட்டனில் 1976-ல் தொடங்கிய பிரின்ஸ் டிரஸ்ட்டை முன்மாதிரியாக வைத்து, லட்சுமி வெங்கடேசன் 1992-ல் பாரதிய யுவ சக்தி டிரஸ்ட்டை நிறுவினார், ஜே.ஆர்.டி. டாடா அதன் முதல் தலைவர். வசதியற்ற குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு, சம்பளம் வாங்காத வழிகாட்டி ஒருவர் என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. கடனோடு ஆளையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டிருந்தார்கள். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியமும் தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் பயிற்சி, இயந்திரம் வரும் முன் முடிந்துவிடுகிறது. கழிவு எத்தனை என்ற கேள்வி, இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பிறக்கிறது.

வழிகாட்டியால் கெடுதலும் வரும். தட்டு இயந்திரம், கப் இயந்திரம் விற்கிறவரே ஆலோசகராகவும் வந்து உட்காருவது ஊருக்கு ஊர் நடக்கிறது. நீங்கள் செய்யும் சரக்கை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுப்பார். இயந்திரம் விற்றபின் தரம் சரியில்லை என்று தட்டிக்கழிப்பார். நம் முடிவில் லாபம் பார்க்கிறவரின் யோசனை எவ்வளவு அன்பாக வந்தாலும் ஏற்கக் கூடாது. நேர்மையானவர்களிடமும் வேறொரு ஆபத்து உண்டு. நாப்கின் தொழிலில் பழுத்த ஒருவர் முருகானந்தத்துக்கு வாய்த்திருந்தால், செல்லுலோஸ் என்று முதல் நாளே சொல்லியிருப்பார். பெரிய நிறுவனங்கள் அதற்கு வைத்திருக்கும் இயந்திரத்தின் விலையையும் சொல்லி, இது உனக்கு ஆகாது தம்பி என்று அனுப்பியிருக்கவும் கூடும். மாவரைக்கும் கிரைண்டர் போன்ற ஒன்றால் செல்லுலோஸைப் பொடிக்கலாம் என்று அந்தத் தொழிலுக்குள் இருந்தவருக்குத் தோன்றியிருக்க வாய்ப்புக் குறைவு. இயந்திரத்தைப் பெரிய நிறுவனத்துக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்குக் கொடுப்பது என்ற முடிவையும் எந்த வணிக ஆலோசகரும் சொல்லியிருக்கமாட்டார். உண்மை நிலவரத்தை வழிகாட்டியிடம் கேட்கலாம். எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது என்பதைத் தொழில் செய்கிறவர்தான் முடிவுசெய்யவேண்டும். இந்த எல்லையை இருவரும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுவது நல்லது.

நடைமுறையில் என்ன மாறவேண்டும்? ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையத்திலும் ஓய்வுபெற்ற கொள்முதல் அலுவலர், ஆய்வக ஊழியர், அச்சு செய்யும் டூல் ரூம் மேஸ்திரி, ஏற்றுமதி ஆவணம் எழுதியவர் என்று தொழில்வாரியாக ஒரு பட்டியல் இருக்கவேண்டும். பொதுவான வணிக அறிவுரை சொல்பவர்கள் அதற்குப் பிறகு வரட்டும். பட்டியலில் இருப்பவர்களுக்குப் பயணச் செலவும் மதிப்பான ஊதியமும் கொடுக்கவேண்டும். சேவை மனப்பான்மையை மட்டும் நம்பினால் மூன்றாவது மாதத்தில் வருகை நின்றுவிடும். முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த ஓராண்டு மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று சந்திப்பைப் படிப்படியாகக் குறைக்கலாம். தண்டோராவில் கண்ட தேய்வைத் தடுக்க அது உதவும். திட்டத்தை மதிப்பிடும்போது எத்தனை சந்திப்பு நடந்தது, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எண்ணுவதைவிட, வழிகாட்டி வருவது நின்று ஓராண்டான பின்னும் அந்த யூனிட்டில் கழிவுக் கணக்கு எழுதப்படுகிறதா, அடக்கவிலையில் முதலாளியின் சம்பளம் சேர்ந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அதற்கு மாவட்டத்துக்கு இரண்டு களப்பணியாளர்கள் போதும்.